பிரியா வளைகாப்பு – தாத்தா வீடு

*செல்வம் சித்தப்பா:* 📹 வீடியோ

*செல்வம் சித்தப்பா:* பின்பக்கப் புளியமரம். பந்தல்கால் நட வந்த பையன் பொந்துல இதப் பாத்துட்டு ஓடியே போயிட்டான்

*லதா அத்தை:* ஐயோ என்னண்ணே இது

*கார்த்தி:* உள்ளங்கை அகலம் இருக்கே

*பெரியப்பா:* _பலமுறை ஃபார்வர்ட் செய்யப்பட்டது_
⚠️ எச்சரிக்கை!! இவ்வகைச் சிலந்தி கடித்தால் 5 நிமிடத்தில் மரணம். மருந்தே இல்லை. உங்கள் உறவுகளுக்குப் பகிரவும்

*லதா அத்தை:* முருகா. புள்ளத்தாச்சி வர்ற வீடு

*பெரியப்பா:* மரத்தை வெட்டிரு செல்வம். அப்பவே சொன்னேன்

*செல்வம் சித்தப்பா:* மரம் என் பாகத்துல இருக்கு

*பெரியப்பா:* பாகம் இன்னும் பத்திரமாகல

*கார்த்தி:* 🍿

*கயல்:* யாரும் எதையும் வெட்டாதீங்க கொளுத்தாதீங்க!! இது போசிலோதேரியா பேரினம். மரப்பொந்துல வாழுற பெரிய சிலந்தி. இந்தியா, இலங்கை தவிர உலகத்துல வேற எந்தக் காட்டுலயும் கிடையாது. 1885ல யூஜின் சிமோன்னு ஒரு பிரெஞ்சுக்காரர்தான் இதுக்குத் தனிப் பேரினம் வச்சாரு

*லதா அத்தை:* கடிக்குமா கடிக்காதா அதச் சொல்லுடி

*கயல்:* சீண்டினா கடிக்கும் அத்தை. வலி பயங்கரமா இருக்கும், சதை இழுத்துப் பிடிக்கும். சிலருக்கு நாள்கணக்குல. ஆனா செத்ததாப் பதிவு இல்ல. பெரியப்பா அனுப்புனது பொய்

*பெரியப்பா:* டாக்டர் அனுப்பினது

*கார்த்தி:* வாக்கிங் வர்றவரா

*கயல்:* வீட்டு மூலையில வலை கட்டுற சிலந்திக்குப் பல்லு ரெண்டும் குறடு மாதிரி எதிரெதிரா மடங்கும். இதுக்கு ரெண்டும் பக்கத்துல பக்கத்துல கீழ்நோக்கி இறங்கும். அந்தக் கூட்டமே வேற, அதுக்குள்ள தெரபோசிடே குடும்பம், டாரன்டுலான்னு சொல்வாங்களே அது. அதுலயும் அமெரிக்கப் பக்கத்துல உள்ளது நிறைய வயித்து முடியை உதறி வீசும், பட்டா எரியும். நம்ம ஊர்ப் பேரினத்துக்கு அந்த வித்தை கிடையாது. ஓடி ஒளியும், வழியில்லன்னா கடிக்கும்

*லதா அத்தை:* இவளக் கேட்டது தப்பு

*கயல்:* சித்தப்பா, கிட்டப் போகாம ஜூம் பண்ணி ஒரு போட்டோ. முன்னங்கால் அடிப்பக்கம் தெரியணும். அங்க இருக்குற மஞ்சள், கறுப்புப் பட்டைய வச்சுத்தான் இனம் பிரிப்பாங்க. ராமேஸ்வரத்துல கண்டுபிடிச்ச இனமே ஒண்ணு இருக்கு, ஹனுமாவிலாசுமிகா. 2004ல ஆண்ட்ரூ ஸ்மித்னு ஒருத்தர் புது இனமா விவரிச்சாரு. 2008ல ஐயூசிஎன்னு உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அதை அழிவோட விளிம்புல இருக்குற பட்டியல்ல போட்டாச்சு. புளியந்தோப்பு போகப் போக அதுவும் போகுது

*அரக்கோணம் மாமா:* எங்க ஊர்லயும் உண்டே

*கயல்:* ஆமா மாமா!! ரீகாலிஸ்னு இதே பேரினத்துல இன்னொரு இனம். அரக்கோணத்துல கிடைச்சதை வச்சு 1899ல போக்காக்னு ஒரு வெள்ளைக்காரர் விவரிச்சாரு

*கார்த்தி:* மாமா அப்ப டியூட்டில இருந்தீங்களா

*அரக்கோணம் மாமா:* 😡

*கயல்:* அதே வருஷம் அவரே ஆந்திராவுல குத்திங்கிற ஊர்ல கிடைச்ச நீலச் சிலந்தி ஒண்ணையும் விவரிச்சாரு, மெட்டாலிகா. ரயில்வே மரக்கிடங்குல கிடைச்சது. அப்புறம் நூறு வருஷம் யார் கண்ணுலயும் படல. 2001லதான் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் நடுவுல காட்டுல திரும்ப ஆப்டுச்சு. குத்திக்குக் கட்டையோட ரயிலேறி வந்திருக்கும்னு சொல்றாங்க

*அரக்கோணம் மாமா:* அந்த லைன்ல போயிருக்கேன். நடுவுல போகடா சுரங்கம் வரும். அப்ப மீட்டர் கேஜ். வண்டி சுரங்கத்துக்குள்ள நுழைஞ்சா ஜன்னல் எல்லாம்

*செல்வம் சித்தப்பா:* எல்லாரும் ரயிலேறிட்டீங்க. பையன் ரோட்டுல நிக்கிறான்

*செல்வம் சித்தப்பா:* 📷 போட்டோ

*கயல்:* மஞ்சள் தெரியுது!! இனம் எதுன்னு இந்தப் போட்டோல சொல்ல முடியாது. உடம்பு ஒல்லி, கால் நீளம், ஆண் மாதிரி இருக்கு. வளர்ந்த ஆண் பொண்ணு தேடி அலையும்

*லதா அத்தை:* பாரு கார்த்தி அதுகூடப் பொண்ணு தேடுது. உன் ஜாதகம் கேட்டு எத்தனை நாளாச்சு

*கார்த்தி:* நான் ஆபீஸ்ல இருக்கேன்

*பெரியப்பா:* இதுக்கு வெளிநாட்டுல நல்ல விலையாம். புடிச்சு வச்சா என்ன

*கயல்:* பெரியப்பா!! 2019ல இருந்து மொத்தப் பேரினமும் சைட்டீஸ்னு காட்டுயிர் வியாபாரத்துக்கான உலக ஒப்பந்தத்தோட ரெண்டாம் பட்டியல்ல இருக்கு. அனுமதி இல்லாம நாடு தாண்டக் கூடாது. குரூப்ல இதெல்லாம் எழுதாதீங்க

*பெரியப்பா:* _இந்தச் செய்தி நீக்கப்பட்டது_

*பிரியா:* எனக்கு ஒண்ணும் பயமில்லம்மா. மண்டபம் மட்டும் வேணாம்

*செல்வம் சித்தப்பா:* அப்ப பந்தலை முன்பக்கம் போட்டுரலாம்

*பெரியப்பா:* முன்பக்கம் என் பாகம்

*செல்வம் சித்தப்பா:* பத்திரமாகலன்னு சொன்னீங்க

*லதா அத்தை:* அண்ணே ரெண்டு பேரும் போன்ல பேசிக்கோங்க. சமையல் அடுப்பு எங்க வைக்கிறது அதச் சொல்லுங்க முதல்ல

*கயல்:* மரத்தடியில வேணாம் அத்தை, பொந்துக்குள்ள புகை போகும்

*லதா அத்தை:* உன் தலையிலதான் வைக்கணும்

*செல்வம் சித்தப்பா:* பையன் அட்வான்ஸ ஜிபேல திருப்பி அனுப்பிட்டான். வேற பந்தல்காரர் யாராச்சும் இருந்தா நம்பர் போடுங்க

*அரக்கோணம் மாமா:* அரக்கோணத்துல ஒருத்தர் இருக்காரு