பிக்கப்பின் எடை: பதிவுப் படிவத்துக்கு எந்த எண், டிரெய்லர் இழுக்க எந்த எண்?

கேள்வி

நான்கு கதவுகள் கொண்ட டீசல் பிக்கப் ஒன்றைப் பழைய உரிமையாளரிடமிருந்து வாங்கி, பதிவை என் பெயருக்கு மாற்றும் வேலையில் இருக்கிறேன். படிவத்தில் காலி எடை, மொத்த எடை என இரண்டு கட்டங்கள் உள்ளன. விற்பனைக் கையேட்டில் காலி எடை 1,980 கிலோ என்று போட்டிருக்கிறது. நேற்று எடைமேடையில் ஏற்றியபோது சீட்டில் வந்தது 2,310 கிலோ. அப்போது நான் (78 கிலோ) ஸ்டியரிங்கில் அமர்ந்திருந்தேன், 80 லிட்டர் டேங்கில் பாதி டீசல் இருந்தது, பின்பெட்டியில் 60 கிலோ எடையுள்ள கருவிப் பெட்டி இருந்தது. பழைய உரிமையாளர் பின்பெட்டியை மூடும் ஃபைபர் கேனோபியும், முன்னால் இரும்பு பம்பரும், பின்னால் டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் சட்டமும் பொருத்தியிருக்கிறார்.

ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் உள்ள தகட்டில் மொத்த எடை 3,050, வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த எடை 5,800, முன் அச்சு 1,450, பின் அச்சு 1,850 என நான்கு எண்கள் உள்ளன. கையேடோ 3,500 கிலோ வரை இழுக்கலாம் என்கிறது. பிரேக் உள்ள டிரெய்லரில் சிறிய மண் தோண்டும் இயந்திரம் ஒன்றை ஏற்றி இழுப்பதுதான் என் தேவை. டிரெய்லரும் இயந்திரமும் சேர்ந்து ஏறக்குறைய 2,400 கிலோ இருக்கும். படிவத்தில் எதை எழுதுவது, எவ்வளவு வரை நம்பி இழுப்பது என்று விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முதல் பதில்

முதலில் மொத்த எடைக் கட்டத்தை முடித்துவிடுவோம். அதில் 3,050 என்று எழுதுங்கள். அது தயாரிப்பாளர் வகுத்த உச்சவரம்பு. எடைமேடையில் வருகிற எந்த எண்ணுக்கும் அதை மாற்றும் அதிகாரம் இல்லை. பலர் காலி எடையோடு தாங்கள் ஏற்றப்போகும் பாரத்தைக் கூட்டி அந்தக் கட்டத்தை நிரப்பிவிட்டுப் பிறகு திண்டாடுகிறார்கள். சில நாடுகளில் மட்டும் உரிமையாளர் தாம் ஓட்டப்போகும் அதிகபட்ச எடையை அறிவித்து, அதற்கேற்பக் கட்டணம் செலுத்தும் முறை இருக்கிறது. அங்கே படிவமே 'அறிவிக்கும் எடை' என்று தெளிவாகக் கேட்கும். டிரெய்லரையும் அதில் சேர்க்க வேண்டுமா என்பதை மட்டும் குறிப்புரையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காலி எடையில்தான் சிக்கல், ஏனென்றால் அந்தச் சொல்லுக்கு எல்லா இடத்திலும் ஒரே பொருள் இல்லை. ஐரோப்பிய ஒன்றிய விதிகள் சொல்லும் 'ஓடும் நிலை எடை'யில் 75 கிலோ ஓட்டுநரும் 90 சதவீதம் நிரம்பிய எரிபொருள் டேங்கும் அடங்கும். வேறு சில விதிகளில் ஓட்டுநர் கிடையாது. இன்னும் சிலவற்றில் எரிபொருளும் கிடையாது. ஆகவே படிவத்தின் பின்பக்கத்தில் உள்ள விளக்கத்தைப் படித்த பிறகே எண்ணை எழுதுங்கள்.

உங்கள் சீட்டிலிருந்தே கணக்கைச் சரிசெய்யலாம். 2,310இலிருந்து உங்கள் 78ஐயும் பெட்டியின் 60ஐயும் கழித்தால் 2,172. டீசல் லிட்டருக்கு 0.84 கிலோ அளவில் இருக்கும் என்பதால், குறைந்த 40 லிட்டருக்கு 34 கிலோவைக் கூட்டினால் 2,206 வருகிறது. டேங்க் நிறைந்து, ஆள் இல்லாமல் நிற்கும் உங்கள் வண்டியின் உண்மையான எடை இதுதான். கையேட்டில் உள்ள 1,980 பெரும்பாலும் அடிப்படை வகை வண்டிக்கு உரியது. நிலையாகப் பொருத்தப்பட்ட கேனோபியும் பம்பரும் ஹிட்ச் சட்டமும் வண்டியின் எடையோடு சேர்ந்தவை. இறக்கி வைக்கக்கூடிய கருவிப் பெட்டி சேராது.

இந்தக் கணக்கைப் படிவத்தில் எழுதுவதைவிட, டேங்கை நிரப்பி, பெட்டியை இறக்கிவிட்டு, நீங்களும் கீழே இறங்கி நின்று மறுபடி ஒரு எடை போட்டுவிடுங்கள். வண்டி எண்ணும் தேதியும் அச்சான சீட்டு கையில் இருந்தால் யாரும் வாதிட முடியாது. படிவம் எரிபொருளைக் கணக்கில் சேர்க்கவில்லை என்றால், முழு டேங்குக்கு 67 கிலோவைக் கழித்துக்கொள்ளலாம்.

இரண்டாம் பதில்

பதிவு விஷயம் தெளிவாகிவிட்டதால் இழுவைக்கு வருகிறேன். கையேட்டின் 3,500 என்ற எண்ணை உங்கள் தகட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சேர்ந்த எடை 5,800. அதில் 3,500 டிரெய்லருக்குப் போனால் வண்டிக்கு மிஞ்சுவது 2,300. வண்டி மட்டுமே 2,206 என்றால் மீதம் 94 கிலோ. நீங்கள் ஏறி அமர்ந்த பிறகு 16 கிலோ கொண்ட ஒரு பைக்குத்தான் இடம். கையேடு பொய் சொல்லவில்லை; ஆனால் அந்த எண்ணை எட்டும் நாளில் பக்கத்து இருக்கையில் ஆள் இருக்கக்கூடாது என்பதை அது சொல்வதில்லை.

டிரெய்லரின் முன்முனை ஹிட்ச் பந்தின் மேல் அழுத்துகிற எடையை ஹிட்ச் சுமை என்கிறோம். பந்தில் மாட்டும் டிரெய்லருக்கு அது டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை இருப்பது வழக்கம். குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். தயாரிப்பாளரும் ஹிட்சும் அனுமதிக்கும் உச்சத்தை அது தாண்டவும் கூடாது. இந்தச் சுமை வண்டியின் மொத்த எடையில் சேரும் என்பதைத்தான் பலர் மறக்கிறார்கள். அதைவிட மோசமாக, அது பின் அச்சின் மேல் தன் அளவைவிடக் கூடுதலாக விழுகிறது. ஹிட்ச் பந்து பின் அச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் வண்டி ஏற்றம் மரம்போல் வேலை செய்கிறது: பின்னால் அழுத்தினால் முன்னால் தூக்கும். பின் அச்சிலிருந்து பந்து வரை 1.25 மீட்டர், இரு அச்சுகளுக்கு இடையே 3.2 மீட்டர் என்று வைத்தால் விகிதம் 0.39. அதாவது 240 கிலோ ஹிட்ச் சுமைக்கு முன் அச்சு சுமார் 94 கிலோவை இழக்கும். பின் அச்சு சுமார் 334 கிலோவைத் தாங்கும். ஸ்டியரிங் லேசாகி, முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே ஒரே ஒரு எடை போதாது. வழக்கமாக ஏறுகிற ஆட்களோடும் பாரத்தோடும் டிரெய்லர் இல்லாமல் ஒருமுறை, டிரெய்லரை மாட்டி ஒருமுறை என அச்சு வாரியாக எடை போடுங்கள். முதலில் முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றுங்கள், பிறகு வண்டி முழுவதையும், கடைசியாக டிரெய்லர் சக்கரங்களை மட்டும். மேடையும் அதை ஒட்டிய தரையும் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் அச்சு எடை தவறாகக் காட்டும். பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டும் எடை போடாதீர்கள். ஹிட்ச், பந்து ஆகியவற்றில் பொறித்துள்ள வரம்புகளையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் சிறிய எண் எதுவோ அதுவே உங்கள் வரம்பு. பிரேக் இல்லாத டிரெய்லருக்கு வரம்பு வேறு. பல பிக்கப்களில் அது 750 கிலோதான்.

மூன்றாம் பதில்

பின்பக்கம் ஒரு கூடுதல் ஸ்பிரிங் பட்டை போட்டுவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் தேவைப்படாது என்று நினைக்கிறேன். என் வண்டிக்கு அப்படித்தான் செய்தேன். பாரம் ஏற்றினாலும் பின்பக்கம் இறங்குவதே இல்லை.

இரண்டாம் பதிலை எழுதியவர்

ஐயா, பட்டை போட்டால் வண்டி நிமிர்ந்து நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் அச்சு, பேரிங், பிரேக், சட்டம், டயர் ஆகிய எதுவும் அதனால் வலுப்பெறுவதில்லை. தகட்டில் உள்ள 1,850 அப்படியே இருக்கும். சொல்லப்போனால், அதிக பாரத்தைக் கண்ணுக்குக் காட்டிக்கொடுத்த ஒரே அடையாளத்தையும் அது மறைத்துவிடுகிறது. டயரின் பக்கவாட்டில் உள்ள சுமைக் குறியீட்டைப் பாருங்கள். 116 என்றால் ஒரு டயருக்கு 1,250 கிலோ. யாராவது விலை குறைவு என்று 97 குறியீடுள்ள கார் டயரை மாட்டியிருந்தால் ஒன்றுக்கு 730, இரண்டுக்கு 1,460 மட்டுமே. எத்தனை பட்டை போட்டாலும் அந்த அச்சின் வரம்பு 1,460தான். பழைய வண்டி வாங்கியவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. டேங்கை நிரப்பி, பெட்டியை இறக்கிவிட்டு, நானும் இறங்கி நின்று போட்ட எடை 2,210 கிலோ. மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டுகிறது என்பதால் உங்கள் கணக்கோடு ஒத்துப்போகிறது. படிவத்தில் ஓட்டுநரைச் சேர்க்காமல், எரிபொருளைச் சேர்த்துக் கேட்டிருந்தார்கள்; அந்த எண்ணையே எழுதிச் சீட்டை இணைத்துவிட்டேன். டயர்களில் 116 என்றே இருக்கிறது.

பிறகு நான்கு பேர், கருவிப் பெட்டி, இயந்திரத்தின் மாற்று வாளிகள் எல்லாவற்றோடும் எடை போட்டேன். டிரெய்லர் இல்லாமல் முன் அச்சு 1,340, பின் அச்சு 1,350, ஆக 2,690. டிரெய்லரை மாட்டியதும் முன் 1,250, பின் 1,670, ஆக 2,920. டிரெய்லர் சக்கரங்கள் மட்டும் 2,150. வரம்புகளுக்குள் இருப்பதாகத் தெரிகிறது. ஆனால் காலி சாலையில் சற்று வேகம் எடுத்தபோது பின்னால் லேசான ஆட்டத்தை உணர்ந்தேன்.

இரண்டாம் பதிலை எழுதியவர்

உங்கள் சீட்டிலேயே விடை இருக்கிறது. 2,920இலிருந்து 2,690ஐக் கழித்தால் ஹிட்ச் சுமை 230. அதோடு 2,150ஐக் கூட்டினால் டிரெய்லரின் முழு எடை 2,380. ஹிட்ச் சுமை 9.7 சதவீதம்தான் வருகிறது. மேடையின் பத்துக் கிலோ படிநிலையை நினைத்தால் உண்மையில் இன்னும் சற்றுக் குறைவாகக்கூட இருக்கலாம். வண்டிக்குள் எதையும் மாற்ற வேண்டாம். டிரெய்லரின் மேல் இயந்திரத்தைச் சிறிது முன்னால் நகர்த்திக் கட்டுங்கள். இயந்திரம் 1,700 கிலோ, பந்திலிருந்து டிரெய்லர் அச்சு 4 மீட்டர் தூரம் என்றால், 10 சென்டிமீட்டர் நகர்த்தினாலே ஹிட்ச் சுமை 42 கிலோ ஏறும். டிரெய்லர் டயர்களின் காற்றையும் பார்த்துவிட்டு மறுபடி எடை போடுங்கள்.

கேள்வி கேட்டவர்

ஒரு சாண் அளவுகூட நகர்த்தவில்லை. சங்கிலி மாட்டும் வளையத்தை ஒரு துளை முன்னால் தள்ளினேன், அவ்வளவுதான். இப்போது முன் அச்சு 1,240, பின் அச்சு 1,720, டிரெய்லர் சக்கரங்கள் 2,110. ஹிட்ச் சுமை 270, அதாவது 11 சதவீதத்துக்குச் சற்று மேல்; ஹிட்சில் பொறித்துள்ள வரம்பு 350. வண்டி 2,960இல் நிற்கிறது, எல்லாம் சேர்ந்து 5,070. அதே சாலையில் அதே வேகத்தில் போய்ப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. மொத்த எடையில் மிச்சம் 90 கிலோதான் என்பதால், வாளிகளை அடுத்த முறை பின்பெட்டியில் போடாமல் டிரெய்லர் அச்சுக்கு நேர் மேலே கட்டிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.