‘நியாயமான சந்தேகம்’: இரண்டு இடத்திலும் ஒரே சொல்லா?

அன்புள்ள ஐயா,

தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் கைது, சோதனை பற்றி நாம் தமிழில் போடும் துண்டறிக்கைக்கு நீங்கள் தந்த சொற்களைப் பார்த்தேன். வாரண்ட் இல்லாமல் பிடிப்பதற்கு நீங்கள் எழுதிய ‘பிடியாணையின்றிக் கைது’ சரி, பழகிய சொல். ஆளைப் பிடிக்கப் பிடியாணை. வீட்டைச் சோதிக்க ‘சோதனை ஆணை’ என்று வைத்துக்கொள்வோம். ‘பறிமுதல்’ மட்டும் வேண்டாம். காவலர் எடுத்துப்போன பிறகும் பொருள் உடையவருடையதுதான். அதைப் பறிப்பதென்றால் நீதிமன்றம் சொல்ல வேண்டும். ‘கைப்பற்றல்’ போதும்.

என்னை உறுத்துவது வேறு சொல். போன வாரம் டர்பனின் சாட்ஸ்வர்த்தில் ஓர் அம்மாவிடம் நம் துண்டறிக்கையின் வரைவைக் கொடுத்தேன். மகனோடு இருக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். மெதுவாகப் படித்தார். ஒரு விரலை மூன்றாம் வரியிலும் இன்னொன்றைக் கடைசி வரியிலும் வைத்துக்கொண்டு, “நியாயமான சந்தேகம் இருந்தா பிடிக்கலாம்னு இருக்கு. இங்க, நியாயமான சந்தேகம் இருந்தா விட்டுடணும்னு இருக்கு. எது தம்பி உண்மை?” என்று கேட்டார்.

இரண்டும் உண்மை. தப்பு நம் சொல்லில். முதலாவது காவலருடைய சந்தேகம். 1977 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 40ஆம் பிரிவுப்படி, போதைப்பொருள் குற்றத்தில் அது இருந்தாலே பிடியாணை வேண்டாம். ஆனால் அவர் மனத்தில் பட்டால் போதாது, எதனால் பட்டது என்று நீதிமன்றத்தில் சொல்லியாக வேண்டும். இரண்டாவது, சாட்சியமெல்லாம் கேட்ட பிறகும் நீதிபதிக்கு மிஞ்சுவது.

முன்னதைக் ‘காரணமுள்ள சந்தேகம்’ என்றும் பின்னதை ‘நியாயமான ஐயம்’ என்றும் பிரிக்கலாமா? ‘காரணமுள்ள’ என்று படித்தவுடன் “என்ன காரணம்?” என்ற கேள்வி தானாக வரும். பிடிபட்ட பையனின் வீட்டார் கேட்க வேண்டியதும் அதுதான்.

---

தம்பி,

‘காரணமுள்ள சந்தேகம்’ எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சந்தேகமும் ஐயமும் ஒரே பொருள். ஒன்று வடசொல், மற்றது தமிழ், அவ்வளவுதான். அந்த அம்மா மறுபடியும் இரண்டு விரலை வைப்பார்.

இன்னொன்று. வீட்டுச் சோதனைக்கும் சந்தேகம் போதும் என்று வரைவில் இருக்கிறது, அதை எடுத்துவிடுங்கள். 1992 போதைப்பொருள் சட்டத்தின் 11ஆம் பிரிவு சந்தேகத்தின் பேரிலேயே ஆணையில்லாமல் வீடு புகவும் பொருளைக் கைப்பற்றவும் விட்டது. அந்த உட்பிரிவுகள் செல்லாது என்று 2016இல் அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. இப்போது 1977 சட்டத்தின் 22ஆம் பிரிவைத்தான் பார்க்க வேண்டும். வீட்டார் சம்மதிக்க வேண்டும். இல்லையென்றால், கேட்டால் ஆணை கிடைக்கும், அதற்குள் காரியம் கெட்டுவிடும் என்ற இரண்டையும் காவலர் தக்க காரணத்தோடு நம்ப வேண்டும். இதற்கு ‘நம்பத் தக்க காரணம்’ என்று போடுங்கள். சந்தேகத்துக்கு மேலே ஒரு படி.

---

ஐயா,

சோதனை வரியை மாற்றிவிட்டேன், நன்றி. ‘ஐயம்’ பற்றி நீங்கள் சொன்னதும் உண்மை. ‘தீராத ஐயம்’ என்றால்? ஐயம் தீர்ந்தது, தீரவில்லை என்று நாம் பேசுவதுதானே. எல்லாம் கேட்டு முடித்த பிறகு மிஞ்சுவது என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. கைது செய்யும் இடத்தில் அதைத் தவறிக்கூடப் போட முடியாது. எந்தச் சின்ன ஐயமும் போதும் என்று யாரும் எடுத்துக்கொள்ளாமல் இருக்க, துண்டறிக்கையில் ‘நியாயமான, தீராத ஐயம்’ என்று முழுதாகவே எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை புதுப் படியை அந்த அம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லப்போகிறேன்.