மறு: மறு: [சொல்லாக்கம்] வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும் – ஆட்டோகேனன்

ந. எழுதியது:
வணக்கம். இரண்டாம் உலகப் போர்க் கப்பல்கள் பற்றிய நூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கோப்பு போயாக வேண்டும். ஓர் இயல் முழுக்க ஸ்வீடனின் போஃபர்ஸ் 40 மி.மீ. ஆட்டோகேனன், அதாவது தொடர்ந்து சுடும் சிறு பீரங்கி. இதுவரை 'தானியங்கிப் பீரங்கி' என்று ஓட்டிவிட்டேன். ஆனால் இரண்டு சங்கடம். போஃபர்ஸ் பீரங்கி என்றதும் நம் ஆட்களுக்கு 1987 ஊழல்தான் நினைவுக்கு வரும். அது 155 மி.மீ. ஹோவிட்சர் வகைப் பீரங்கி, தரைப்படைக்கு வாங்கியது. இது 1928இல் ஸ்வீடன் கடற்படை கேட்டுக்கொண்டதால் பிறந்தது, கப்பல் தளத்தில் நின்று விமானத்தைச் சுடுவது. இன்னொன்று, கைப்படியைப் படித்த என் மகள், "தானியங்கின்னா அதுவே குறி பாத்துக்குமாப்பா?" என்றாள். ஏ.டி.எம்.மைத் தானியங்கி என்று படித்தவள்.

இரா. எழுதியது:
தம்பி, பீரங்கியே தமிழில்லை. பிரங்கி, பறங்கி எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பறங்கிக்காயைச் சமையலறையில் விட்டுவிட்டோம், பறங்கிமலையில் ரயிலையும் நிறுத்திவிட்டோம். நூலிலுமா? சிலம்பில் அடைக்கலக் காதையைப் பாருங்கள். மதுரை மதிற்பொறிகளின் அடுக்கில் 'வளைவிற்பொறி' வருகிறது. வளைந்து தானே எய்யும் எந்திர வில் என்று உரை. 'தானே எய்யும்' என்பதிலேயே ஆட்டோ வந்துவிட்டதே! 'தானெய்பொறி' என்று வையுங்கள். அதே அடுக்கில் 'கல்லுமிழ் கவண்' இருக்கிறது. அதையொட்டிக் 'குண்டுமிழ் பொறி'யும் ஆகும்.

வ. எழுதியது (யாழ்ப்பாணம்):
ஐயா, எங்கட பக்கம் இந்த வேலை போர்க்காலத்திலயே நடந்தது. ஆட்லறிக்குச் சேணேவி எண்டு வைச்சவை. சேண் + ஏவி, தொலைவுக்கு ஏவுறது. கேனனுக்குத் 'தெறுவேயம்' எண்டும் இணையத்தில இருக்கு. 'தன்னியக்கத் தெறுவேயம்' எண்டு போடலாம். ஆனா ஒண்டு சொல்லோணும். அம்மா ஒருநாளும் "சேணேவி வருது" எண்டு கத்தினதில்லை. "செல் வருது, பங்கருக்குள்ள ஓடு" எண்டுதான்.

செ. எழுதியது:
ஒலிக்குறிப்பை ஏன் யாரும் தொடவில்லை? பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் 2 பவுண்டர் கப்பல் பீரங்கியைப் 'பாம்-பாம்' என்றே கூப்பிட்டார்கள், அது போடும் சத்தத்தை வைத்து. நாம் 'படபடப்பான்' என்போம்.

ந. எழுதியது:
படபடப்பு எனக்குத்தான் செ., வெள்ளிக்கிழமையை நினைத்து.

க. எழுதியது:
பெயர் வைக்கும் முன் குழந்தையின் முகத்தைப் பாருங்கள் ஐயா. நான் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் எடுப்பவன், பாடத்துக்கு இந்தப் போஃபர்ஸின் வரைபடத்தைத்தான் போடுவேன்.

மேலே ஒருவர் நின்று நாலு தோட்டா கோத்த கிளிப்பைச் செருகுவார். சுட்டதும் குழல் பின்னால் உதைத்து வரும், மறுபடி முன்னால் போகும். அந்த ஓட்டத்திலேயே, குழலின் பின்வாயை அடைக்கும் பூட்டுக்கட்டை கீழே இறங்கி, காலிக்கூடு பின்பக்கம் தெறிக்கும். இறங்கிய கட்டையை இரண்டு கொக்கிகள் பிடித்து வைத்திருக்கும். அடுத்த தோட்டா உள்ளே தள்ளப்படும்போது அதன் அடிவிளிம்பு போய் அந்தக் கொக்கிகளைத் தட்டும். பிடி விடும், கட்டை மேலேறும், வெடிக்கும். தன்னை அடைக்கும் கதவைத் தோட்டாவே மூடிக்கொள்கிறது! வகுப்பில் இந்த இடத்தில் மட்டும் யாரும் தூங்குவதில்லை.

நிமிடத்துக்குச் சுமார் 120 தோட்டா. அதாவது இரண்டு நொடிக்கு ஒரு கிளிப். தீனி போடுவது ஆள். பக்கவாட்டில் திருப்ப ஒருவர், ஏற்றி இறக்க ஒருவர். அமெரிக்கர்கள் பின்னாளில், எட்ட நின்று குறிபார்க்கும் கருவியை இணைத்தார்கள், அதற்கும் ஆள்தான். தானாக நடப்பது கழற்றுவது, ஏற்றுவது, சுடுவது மட்டும். மகள் கேட்டது சரியான கேள்வி.

உதைப்பை வைத்தும் பெயர் சூட்டிவிடாதீர்கள். ஓர்லிகான் 20 மி.மீ.யும் இதே இனம். அதில் குழல் அசையாது. கனத்த பூட்டு முன்னோக்கி ஓடி, நிற்பதற்குச் சற்று முன்பே வெடித்துவிடும். 60 தோட்டா உருளை, தோட்டாவுக்கெல்லாம் கிரீஸ் தடவ வேண்டும். எண்ணெய்க் குளியல் போடாமல் வேலைக்கு வராத ஆள்.

இரா. எழுதியது:
அப்படியானால் 'தொடரெய்பொறி'. மேலும், தானியங்கியா தன்னியங்கியா? தான் என்பது வேற்றுமை ஏற்றால் தன் என்று குறுகும்.

மு. எழுதியது:
இங்கே 'தான்' வேற்றுமை ஏற்கவில்லையே ஐயா. தானே இயங்குவது, எழுவாய். தானியங்கி சரி. 'எய்' என்றால் பையன்கள் அம்பைத் தேடுவார்கள். என் ஓட்டு ந. முதலில் எழுதியதற்கே.

செ.: எனக்கும் அதுவே, களைத்துவிட்டேன்.
வ.: தெறுவேயத்தை அடைப்புக்குள்ள எண்டாலும் போடுங்கோ.
க.: தானியங்கிப் பீரங்கி. 'ப்' விழக்கூடாது.

ந. எழுதியது:
சரி. முதல் இடத்தில் மட்டும் 'தானே ஏற்றித் தானே சுடும், ஆள் குறிபார்க்கும்' என்று ஒரு வரி சேர்க்கிறேன். தெறுவேயம் சொல்லடைவில் வரும். இன்னொன்று: கிளிப்பின் படத்தை மகளிடம் காட்டினேன். வரிசையாக நாலு தோட்டா, அடிப்பக்கம் ஒன்றாகப் பிடித்தபடி. "வாழைப்பழச் சீப்பு மாதிரி இருக்கு" என்றாள். 'நாலு தோட்டாச் சீப்பு' என்று போட்டுவிட்டேன்.

இரா. எழுதியது:
பீரங்கிக்கு என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். தோட்டாவும் தமிழில்லை, இன்றைக்கு விடுகிறேன். சீப்புக்கு ஆட்சேபமில்லை. அடுத்த இயலில் டார்பிடோ வருமே, எப்போது அனுப்புகிறீர்கள்?