ரொட்ரியை வாங்கில இருத்தினா ரீம் திறமாகுது, உது என்ன ரேற்றிங்?

திருநெல்வேலிப் பெடியன்:
போன ஞாயிறு எங்கட அறையில 16 பேர் சேந்து எஃப்.சி. 25 எண்ட பந்தடி வீடியோ கேமில நொக் அவுட் ஒண்டு வைச்சனாங்கள். 9 பேர் ரியல் மட்ரிட் எடுத்தாங்கள். ஏனெண்டு கேட்டா எல்லாரிட்டையும் ஒரே மறுமொழி: ஒரு பக்கம் எம்பாப்பே, மற்றப் பக்கம் வினிசியஸ், நீட்டி விட்டா ஆர் பிடிக்கிறது? அரையிறுதிக்கு வந்த 4 பேரும் ரியல் மட்ரிட். பாக்க வந்த சின்னப் பெடியள் அரைவாசியில எழும்பிப் போட்டாங்கள்.

நான் எடுத்தது மான்செஸ்டர் சிற்றி. நடுவில ரொட்ரி, அவற்ற திறமைக்குக் கேம் போட்ட ரேற்றிங் 91. எம்பாப்பேக்கும் ஹாலண்டுக்கும் அதே 91 தான். ஆனா ரொட்ரியிட்டைப் பந்து போற நேரமெல்லாம் எதிராளி ஓட்டப் பட்டனை அமத்திப் பிடிச்சுக்கொண்டு பின்னால வந்து பறிச்சுக்கொண்டு போறான். இடைவேளைக்கு அவரைத் தூக்கி வாங்கில இருத்திப்போட்டு, ரேற்றிங் 80 கூட இல்லாத, ஆனா ஓடக்கூடிய ஒருத்தனை விட்டன். ரீம் உடன திறமாப் போச்சு.

நிசத்தில நடந்ததைப் பாருங்கோ. 2024 செப்டெம்பரில ஆர்சனலோட விளையாடேக்க ரொட்ரிக்கு முழங்கால் சவ்வு அறுந்தது. அடுத்த மாசம் உலகத்தின்ர சிறந்த வீரனுக்கான பலோன் டோர் விருது அவருக்குத்தான் குடுத்தவை, ஊண்டுகோலோட வந்து வாங்கினவர். நாலு வருசம் தொடந்து இங்கிலாந்து லீக் எடுத்த சிற்றி, அந்த ஒக்டோபர் கடைசியில இருந்து டிசெம்பர் கடைசி வரைக்கும் 13 மட்சில ஒண்டே ஒண்டுதான் வெண்டது. நிசத்தில அவர் இல்லையெண்டால் ரீம் உடையுது. கேமில அவர் இல்லையெண்டால் ரீம் தேறுது. இதுக்கு ஆராவது ஒரு நியாயம் சொல்லுங்கோ.

எண்கணக்கு:
தம்பி, ரேற்றிங்கில பிழை இல்லை. அதை வாசிக்கிற விதத்திலதான் பிழை.

கேமில ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு அட்டை, அதைத்தான் காட் எண்டுறது. அதில ஆறு எண் கிடக்கும்: வேகம், சூட்டிங், பாஸ், ட்ரிபிளிங், டிஃபென்ஸ், உடல்வலு. ரொட்ரிக்கு வேகம் 66, டிஃபென்ஸ் 87. ஆறில ஒண்டும் 90 ஐத் தொடேல்லை. பிறகு எப்பிடி 91? ஏனெண்டால் மொத்த ரேற்றிங் எண்டது அந்த ஆறின்ர சராசரி இல்லை. ஒவ்வொரு இடத்துக்கும் வேற வேற நிறுவை. நடுவில நிக்கிற ஆளுக்குச் சின்னப் பாஸ், எதிராளியின்ர பாஸை இடையில வெட்டுற இன்ரசெப்சன், பந்துக் கட்டுப்பாடு இதுகளுக்குத்தான் பாரம். வேகத்தை அந்த நிறுவையில போடுறதே இல்லை. சென்டர் பாக்குக்கும் வேகம் அற்பம்தான். ஆனபடியால் 91 எண்டு போட்டவன் சரியாத்தான் போட்டிருக்கிறான்: இந்த இடத்தில நிக்க இவரை விடத் திறமான ஆள் இல்லை எண்டுதான் அதுக்கு அர்த்தம். உங்களை விட வேகமா ஓடுவார் எண்டு அவன் எங்கயும் சொல்லேல்லை.

இந்த எண்ணுகளை ஒரு கந்தோரில நாலு பேர் இருந்து கண்ணை மூடிக்கொண்டு எழுதுறேல்லை. மைதானத்துக்குப் போய்ப் பாக்கிற ஆயிரக்கணக்கான ஆக்கள், பயிற்சியாளர், ஸ்கவுட்மார், சீசன் ரிக்கெட் வைச்சிருக்கிறவை, எல்லாரும் குடுக்கிற தரவிலதான் அது நிக்குது.

கோண்டாவில் 10:
எண்கணக்கு அண்ணை சொல்லுறது சரி, ஆனா ஆருக்கு வேணும் உது? நான் விளையாடுறது வெல்லுறதுக்கு. கேம் எண்டா கேம். ஆடுபுலி ஆட்டத்தில 3 புலி, 15 ஆடு. ஆடு புலியைக் கட்டிப் போடுது, நிசத்தில அப்பிடி நடக்குமோ எண்டு ஆரும் கேக்கிறேல்லை. ரெண்டு பக்கமும் ஒண்டில்லை, ஆனா ரெண்டு பக்கத்துக்கும் வெல்ல வழி இருக்கு. எனக்குத் தேவை அதுதான். ரொட்ரி நிசத்தில எப்பிடி எண்ட கதையை ரிவியில பாக்கலாம்.

வேகம் எப்பவும் இருந்த வருத்தம்தான். எஃப்.சி. க்கு முந்திப் பேர் பீஃபா. அந்த பீஃபா 14 காலத்தில இத்தாலியில கலியாரிக்கு விளையாடின வேகக்காரன் இபார்போவை எடுக்காத ஆள் இருந்ததோ? நிசத்தில அவரை எத்தினை பேருக்குத் தெரியும்? அதுக்கு முதல் பி.இ.எஸ். 6 எண்ட மற்றப் பந்துக் கேமில இன்ரர் மிலான் அட்றியானோ, உதைவலு 99. பாதி மைதானத்தில இருந்து அடிச்சாலும் கோல்கீப்பர் கை வைக்கேலாது. எங்கட செட்டில இன்ரர் எடுக்கக் கூடாதெண்டு சட்டமே போட்டனாங்கள். அப்பிடிச் சட்டம் போடுங்கோ, பிரச்சினை முடிஞ்சுது.

குருநகர்க் கடற்காத்து:
நான் கேம் விளையாடுறது என்ர மகனோட மட்டும்தான், ஆனா பந்தடிச்சது 20 வருசத்துக்கு மேல. அதால ஒரு விசயம் சொல்லலாமெண்டு வந்தன்.

எங்களோட ஒரு அண்ணை நடுவில விளையாடினவர். இரவில தொழிலுக்குப் போய் விடியக் கரைக்கு வாற மனிசன், பின்னேரம் மைதானத்தில நிப்பார். ஓட்டம் கிடையாது. இளம் பெடியள் நடந்தே அவரை முந்துவாங்கள். ஆனா பந்து அவரிட்டை வர முதலே இடத்தோளுக்கு மேலால ஒருக்காப் பாப்பார், பிறகு வலத்தோளுக்கு மேலால ஒருக்கா. பந்து வரேக்க எதிராளி பாய்ஞ்சு வந்தா, அவர் பந்தைத் தொடவே மாட்டார். காலை அகட்டிக் குடுத்து, பந்தை உடம்புக்குக் குறுக்கால ஓட விட்டு, மற்றக் காலால எடுப்பார். பாய்ஞ்சவன் வெறும் மண்ணில. அந்த ஒரு அசைவில ரெண்டு பேர் வெட்டுப்பட்டுப் போவாங்கள். துரையப்பா மைதானத்தில ஒரு இறுதியில முழு மட்சும் அவர் ஓடினதாவே எனக்கு ஞாபகம் இல்லை, ஆனா பந்து அவரைச் சுத்தித்தான் நிண்டது.

அந்த அண்ணைக்கு என்ன எண் போடுவியள்? வேகம் 35 எண்டு போடலாம், சரி. அவர் ரெண்டு தோளுக்கு மேலாலயும் பாத்ததுக்கு எங்க எண் இருக்கு?

எண்கணக்கு:
இருக்கு அண்ணை. விசன், ரியாக்சன், இன்ரசெப்சன் எண்டு உள்ளுக்குத் தனித்தனி எண் கிடக்கு. காட்டின்ர முகத்தில தெரியாது, அவ்வளவுதான்.

திருநெல்வேலிப் பெடியன்:
கடற்காத்து அண்ணை, நீங்கள் சொன்னதை வாசிச்ச பிறகுதான் எனக்கு விசயம் வெளிச்சது.

எண் இருக்கு. ஆனா அந்த எண்ணைப் பாவிக்க கேம் இடம் குடுக்கேல்லை. தோளுக்கு மேலால பாக்கிறது ஆர்? நான். ரிவியில முழு மைதானமும் எனக்கு மேல இருந்து தெரியுது. எங்க நிக்கிறதெண்டு முடிவெடுக்கிறது ஆர்? என்ர பெருவிரல். எப்ப பாஸ் குடுக்கிறது? அதுவும் நான்தான். அப்ப ரொட்ரியின்ர மூளை முழுக்க எனக்கும் இருக்கு, என்ர எதிராளிக்கும் இருக்கு, 70 ரேற்றிங் பெடியனை வைச்சு விளையாடுறவனுக்கும் இருக்கு. விரலால செய்யேலாத வேலைக்குத்தான் கேம் வீரனின்ர எண்ணைப் பாக்குது: ஓடுறது, இடிச்சுத் தள்ளுறது, உதைக்கிறது. அதாலதான் 91 எண்டு புள்ளி வாங்கின மனிசன் எங்கட கையில 66 ஆகிறார். பார்சலோனாவில நடுவில விளையாடின பூஸ்கெற்சுக்கும் கடைசி வருசங்களில இதே கதி, வேகம் நாப்பதுகளில கிடந்தது, ஆரும் தொடேல்லை.

என்ர குற்றச்சாட்டு இப்ப ரேற்றிங் போடுறவையில இல்லை. வாங்கின புள்ளிக்குப் பெறுமதி குடுக்காத ஆட்டத்திலதான்.

எண்கணக்கு:
இதை நான் ஒத்துக்கொள்ளுறன். ரீமை நடத்துற ஃபுட்போல் மனேஜர் எண்ட கேம் விளையாடினவைக்கு இது விளங்கும். அங்க ஒவ்வொரு திறனுக்கும் 1 இல இருந்து 20 வரை எண், ஆனா கொன்ட்ரோலர் இல்லை. பிளேயர் தானே முடிவெடுக்கிறான். அங்க மந்தமான ஆனா மூளைசாலியான மிட்ஃபீல்டர் பொன்.

ஆனா ஒண்டு. ரேற்றிங் எண்டது சீசன் தொடங்க முதல் போடுற மதிப்பீடு. 2015 இல பீஃபா 16 வரேக்க லெஸ்டர் ஃபோர்வேட் வார்டிக்கு எழுபதைச் சுத்தித்தான் ரேற்றிங். அந்த சீசன் லெஸ்டர் லீக்கையே எடுத்தது. அதைப் பிழை எண்டு சொல்லேலாது, முதலே ஆருக்கும் தெரியாது.

கோப்பாய்க்காரி:
புகழ் கதையை ஏன் ஒருத்தரும் எடுக்கேல்லை? பழைய பீஃபாவில சர்வதேசப் புகழ் எண்டு 1 இல இருந்து 5 நட்சத்திரம் வரைக்கும் இருந்தது. நட்சத்திரம் கூடினா மொத்த ரேற்றிங்கிலயும் ஒண்டிரண்டு ஏறும். பேர் பெரிசெண்டதுக்குப் புள்ளி. அதை எந்தத் தரவில சேக்கிறது எண்கணக்கு அண்ணை?

இன்னொண்டு. எஃப்.சி. 24 இல பெண்களையும், காட் சேத்து ரீம் கட்டுற அல்டிமேற் ரீமுக்குள்ள கொண்டு வந்தவை. ஸ்பெயின் மிட்ஃபீல்டர் புற்றெயாசுக்கு 91, எம்பாப்பேக்கும் 91. உடன பெடியள் எல்லாம் ரியலிசம் போச்செண்டு குதிச்சாங்கள். அவ தன்ர ஆட்டத்தில உச்சத்தில நிக்கிறா, அந்த 91 அதுக்குத்தான். மகாஜனாப் பிள்ளையள் தெல்லிப்பழையில பந்தடிக்கிறதைப் பாத்து வளந்தவள் நான். எனக்கு அந்தக் காட் வந்த நாள் மறக்காது. 5 அடி 7 அங்குல எம்பாப்பேயை விட வேகமா 6 அடி 4 அங்குல டிஃபெண்டர் ஓடினதைப் பொறுத்த நீங்கள் இதைப் பொறுக்கேலாதோ?

எண்கணக்கு:
புகழுக்குப் புள்ளி குடுத்தது பிழைதான் தங்கச்சி, அதில உங்களோட நிக்கிறன். ஒரு சின்னத் திருத்தம் மட்டும்: எம்பாப்பே 5 அடி 10 அங்குலம்.

கோப்பாய்க்காரி:
திருத்தினதுக்கு நன்றி அண்ணை. அந்த நெட்டை டிஃபெண்டர் ஓடின கதையெண்டு நான் சொல்ல வந்தது பீஃபா 23.

கோண்டாவில் 10:
அக்கா சொல்லுற பீஃபா 23 தான் என்ர பக்கத்துக்குச் சாட்சி. வேகத்தால கேம் கெடுதெண்டு எல்லாரும் அழுதாங்கள், அவங்கள் ஓட்டத்தை மூண்டு வகையாப் பிரிச்சாங்கள். வெடிச்சுக் கிளம்புறவன், சாதாரணமா ஓடுறவன், மெல்லத் தொடங்கிப் போகப் போக வேகமெடுக்கிறவன். நெட்டை டிஃபெண்டர்மார் மூண்டாவது வகை. நடந்தது என்ன? வான் டைக்கும் மிலித்தாவோவும் விங்கர்மாரைத் துரத்திப் பிடிச்சாங்கள். ஆக்கள் மூண்டாவது வகையையே தேடித் தேடி ரீம் கட்டினாங்கள். ஒரு பக்கத்தை அமத்தினா மற்றப் பக்கம் கிளம்பும். நீங்கள் கேக்கிற மாதிரி ரொட்ரிக்குப் பெறுமதி குடுத்தா, அடுத்த வருசம் 16 பேரும் ரொட்ரியோடதான் வந்து நிப்பாங்கள்.

அதை விட எல்லாரையும் சமமாக்குங்கோ. ஜெர்மனியில வேர்ச்சுவல் புண்டஸ்லிகா எண்ட கேம் போட்டி நடத்தினவை எல்லா வீரருக்கும் ரேற்றிங் 85 எண்டு வைச்சவை. எந்தக் கிளப் எடுத்தாலும் ஒரே பலம். பிறகு ஆர் கெட்டிக்காரன் எண்டது தெரியும்.

குருநகர்க் கடற்காத்து:
தம்பி, எல்லாரும் 85 எண்டால் கோல்கீப்பரும் ஃபோர்வேட்டும் ஒரு விலையோ? அப்ப எதுக்கு மெஸ்ஸியின்ர பேரை முதுகில எழுதுறது? என்ர மகன் மெஸ்ஸியை எடுக்கிறது வெல்லுறதுக்கு இல்லை. இடக்காலால உள்ளுக்கு வெட்டி அடிக்கிறதைத் தானும் ஒருக்காச் செய்து பாக்கத்தான். அதை எடுத்துப்போட்டா மிச்சம் வெறும் பட்டன்.

பழைய பி.இ.எஸ். இல எனக்குப் பிடிச்சது அந்த அம்புக்குறி. மட்ச் தொடங்க முதல் ஒவ்வொருத்தன்ர பேருக்குப் பக்கத்தில அம்பு நிக்கும், மேல பாத்தா நல்ல நாள், கீழ பாத்தா கெட்ட நாள். பெரிய ஆளுக்குக் கீழ் அம்பு வந்தா அவனை இருத்திப்போட்டு, வாங்கில இருக்கிற சின்னப் பெடியனை விடோணும். அது நிசமும்தான், சமநிலையும்தான். காய்ச்சலோட வந்து விளையாடின ஆக்களை நாங்கள் எத்தினை பேரைக் கண்டிருக்கிறம்.

திருநெல்வேலிப் பெடியன்:
அம்பு எஃப்.சி. இல எங்களுக்கு வராது அண்ணை, ஆனா யோசனை பிடிச்சிருக்கு. கோண்டாவில், உன்ர 85 எனக்கு வேண்டாம். நான் கேக்கிறது எல்லாரும் ஒண்டெண்டு இல்லை. நீ சொன்ன ஆடுபுலிதான் எனக்கும் வேணும். ரொட்ரி ஆடாவே இருக்கட்டும், ஆனா கட்டிப் போடுற வழி அவருக்கு வேணும். இப்ப புலி மட்டும்தான் பாயுது.

வாற ஞாயிறுக்கு இப்பிடிச் செய்வம். 5 நட்சத்திர ரீம் ஒண்டும் இல்லை, 4 நட்சத்திரம் மட்டும். ஒரு ரீமை ரெண்டு பேர் எடுக்கேலாது, சீட்டுக் குலுக்கித்தான் முறை.

கோப்பாய்க்காரி:
சீட்டை ஆர் குலுக்கிறது எண்டும் இப்பவே சொல்லுங்கோ. போன முறை மாதிரி கடைசியில சண்டை வேண்டாம். நானும் தங்கச்சியும் வாறம்.

கோண்டாவில் 10:
வாறன். ஆனா 4 நட்சத்திரத்தில ஆர் விங்கில வேகமோ அந்த ரீமைத்தான் எடுப்பன், முதலே சொல்லிப்போட்டன்.

திருநெல்வேலிப் பெடியன்:
எடு. நான் மந்தமான மிட்ஃபீல்டரோடதான் வருவன், அவரை இடைவேளைக்கும் எடுக்க மாட்டன். கடற்காத்து அண்ணை, மகனைக் கூட்டிக்கொண்டு 3 மணிக்கு வாங்கோ, சீட்டை நீங்கள்தான் குலுக்கிறியள். எங்களிட்டைக் கொன்ட்ரோலர் ஒண்டு பழுது, இடப்பக்கத் தடி தானா இழுக்குது. ஆரிட்டையாவது மேலதிகமா இருந்தா கொண்டு வாங்கோ.