புதுப்பிப்பு: ஹாட்ஸ்பாட் பிரச்சினை பாதி தீர்ந்தது
போன வாரம் கேட்டிருந்தேனே, போன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப் உடனே சேர்ந்துகொள்கிறது, பழைய பிரிண்டருக்கு மட்டும் அந்தப் பெயரே தெரியவில்லை என்று. காரணம் ரொம்பச் சின்னது: போன் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில் இருந்தது, பிரிண்டருக்குத் தெரிந்ததோ 2.4 மட்டும்தான். அமைப்புகளில் அதை மாற்றியதும் ஒரே நிமிடத்தில் வந்துவிட்டது. இதற்குப் போய் நான்கு முறை பாஸ்வேர்டை மாற்றிப் பார்த்த என்னை என்ன சொல்வது!

அப்புறம், விண்டோஸ் லேப்டாப்பில் இந்த இணைப்பை ‘மீட்டர்டு’ (டேட்டா அளவோடுதான் இருக்கிறது) என்று குறித்து வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அப்டேட் என்று சத்தமில்லாமல் டேட்டாவைக் குடித்துவிடும்.

தீராதது ஒன்று: இதே ஹாட்ஸ்பாட்டில் இருக்கும் வீட்டுக் கேமராவை வெளியிலிருந்து நேரடியாகத் திறக்க முடியவில்லை. மொபைல் நெட்வொர்க்கில் பெரும்பாலும் பலருக்கும் சேர்த்து ஒரே பொது ஐபி முகவரிதான் (இணையத்தில் நம் இணைப்பைக் காட்டும் எண்), அதனால் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே இருக்கும் சாதனத்துக்குத் திருப்பிவிடுவது) எடுபடாது. அடுத்து விபிஎன் (இணையத்துக்குள் போடும் தனிப் பாதை) வழியாக முயலப்போகிறேன்.