கடவுச்சொல் 'ஹாஷ்' முறை: தமிழில் என்ன சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். இயங்குதள நிறுவியின் தமிழாக்கக் கோப்பை வெள்ளி இரவுக்குள் ஒப்படைத்தாக வேண்டும். பாக்கி இருப்பது 'கடவுச்சொல் ஹாஷ் முறையைத் தேர்க' என்ற ஒரே வரிதான். ஹாஷ் என்பது கடவுச்சொல்லைத் திரும்பப் பெற முடியாதபடி வேறொரு குறித்தொடராக மாற்றுவது; அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்பதுதான் கேள்வி. நான்கு நாளாக வந்த எல்லா மடல்களையும் படித்துவிட்டேன். என் தரப்பையும் சொல்லிவிடுகிறேன்.

போன பதிப்பில் 'மறையாக்க முறை' என்று போட்டிருந்தோம். அது தவறு. மறையாக்கம் என்றால் எங்கோ ஒரு திறவி இருக்கிறது, அதை வைத்துத் திரும்பப் படிக்கலாம் என்றுதான் பொருள். அந்தப் பதிப்பு வெளிவந்ததும் ஒரு பயனர் வழு பதிந்திருந்தார்: "கடவுச்சொல் மறந்துவிட்டது. மறையாக்கத்தை நீக்கும் திறவி எந்தக் கோப்பில் இருக்கிறது?" அவர் நம் சொல்லை நம்பினார். அப்படி ஒரு திறவியே கிடையாது. இயங்குதளம் கடவுச்சொல்லைச் சேமித்து வைப்பதில்லை. உள்நுழையும்போதெல்லாம் நாம் தட்டச்சிட்டதை மறுபடி அதே முறையில் மாற்றி, முன்பு எழுதி வைத்ததோடு ஒப்பிடுகிறது. கறந்த பால் காம்பில் ஏறாது. இதை உணர்த்தாத எந்தச் சொல்லுக்கும் என்னால் உடன்பட முடியாது.

> ஒலிபெயர்ப்பே போதும். கிரந்தம் வேண்டாம் என்போர் 'ஆசு' என்று எழுதட்டும்.

ஐயா, தமிழில் ஆசு என்றால் குற்றம். ஆசுகவி என்னும்போது விரைவு. கடவுச்சொல்லைப் பொறுத்தவரை விரைவுதான் குற்றமே! பழைய யூனிக்ஸ் இயங்குதளத்தில் கடவுச்சொல்லை மாற்றிய கிரிப்ட் என்ற முறை, டெஸ் என்ற மறையாக்க முறையை 25 தடவை சுற்ற வைத்தது. அன்றைய கணினிக்கு அதுவே பாரம். வன்பொருள் வேகமெடுக்க எடுக்க, திருடிய கோப்பை வைத்துக்கொண்டு ஊகிப்பவனுக்கு அது எளிதாகிவிட்டது. ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்துக்காக உருவான பிகிரிப்ட் முறையைப் பற்றி, அதை வடிவமைத்த புரோவோஸும் மாசியேரும் 1999இல் எழுதிய கட்டுரையின் மையமே இதுதான்: காலத்தோடு சேர்ந்து முறையும் மெதுவாகிக்கொண்டே போக வேண்டும். அதில் எவ்வளவு வேலை வாங்குவது என்று குறிக்கும் செலவு எண்ணை ஒன்று கூட்டினால் வேலை இரண்டு மடங்காகும்.

> 'திரிபு' என்க. புணர்ச்சி விகாரம் மூன்றும் இதில் உள. உப்பு (கடவுச்சொல்லோடு கலக்கும் தற்செயல் குறிகள்) சேர்ப்பது தோன்றல், சுற்றுகள் திரிதல், நீளத்தை வெட்டுவது கெடுதல்.

இந்த மடலை மூன்று முறை படித்தேன். அவ்வளவு அழகான பொருத்தம். ஆனால் அம்மா, பொற்குடத்தைப் பொன் + குடம் என்று பத்தாம் வகுப்பு மாணவர் பிரித்துவிடுவாரே! புணர்ச்சியில் சேர்ந்ததைப் பிரிக்க நமக்கு விதி இருக்கிறது. இங்கே பிரிக்க விதியே இல்லை என்பதுதான் செய்தி. 'பலகை' பல + கை என்றும் பிரியும், அதனால் புணர்ச்சியிலும் மூலம் மறையும் என்று நீங்கள் அடுத்த மடலில் எழுதியதையும் பார்த்தேன். இரண்டு வழியாகப் பிரிவது வேறு, பிரியவே பிரியாதது வேறு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'கொத்து' ஏற்கெனவே கணினித் தொகுதிக்குப் போய்விட்டது. 'நொறுக்கு முறை' என்று பட்டியலில் பார்ப்பவர், அது கடவுச்சொல்லை உடைக்கும் கருவி என்று நினைப்பார். 'சிதைப்பு' அச்சுறுத்துகிறது.

எனக்குப் பிடித்தது 'அரைவை'. நெல் அரைவை, அரைவை ஆலை என்று வழக்கில் உள்ள சொல். அரைத்தது திரும்பாது என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எத்தனை சுற்று, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அதற்குள்ளேயே அடங்கும். 2009இல் பெர்சிவல் கொண்டுவந்த எஸ்கிரிப்ட் முறையும், 2015இல் கடவுச்சொல் ஹாஷ் முறைகளுக்கான போட்டியில் வென்ற ஆர்கான்2வும் நேரத்தோடு நினைவகத்தையும் நிறையக் கேட்கின்றன. சுற்றைக் கூட்டினால் மட்டும் போதாது, கல்லும் பெரிதாக இருக்க வேண்டும் என்று வகுப்பில் சொன்னால் உடனே புரியும்.

> சமையலறைச் சொல். தொழில்நுட்பத்துக்குத் தகுதியில்லை.

ஆங்கிலச் சொல்லே 'கொத்து, நறுக்கு' என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததுதான். கூடச் சேர்ப்பதற்கு அவர்கள் வைத்த பெயர் உப்பு. அங்கே குறையாத தகுதி இங்கே ஏன் குறைய வேண்டும்?

> அரைவை என்பது செயல். விளைவுக்கு என்ன பெயர்?

நியாயமான கேள்வி. 'வை' விகுதி இரண்டுக்கும் வருகிறது. பார்வை செயல், போர்வை பொருள், கோவை இரண்டும். ஆகவே அரைவையும் இரண்டையும் தாங்கும் என்று நினைக்கிறேன்.

அப்புறம், இன்னொன்று. தலைப்பை விட்டு விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய கிரிப்ட் முறையின் விளக்க வரியில் தமிழர்களுக்கென்று ஓர் எச்சரிக்கை சேர்க்க வேண்டும். அது முதல் எட்டு பைட்டுகளை மட்டுமே பார்க்கும். எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறி (க போன்ற எழுத்தோ, அதன் மேல் வரும் புள்ளியோ, துணைக்குறியோ) ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். 'கடல்' என்பதில் க, ட இரண்டுக்கும் ஆறு பைட் போய்விடும். மூன்றாவது குறியின் முதல் இரண்டு பைட்டோடு எட்டு முடிந்தது. ல, ன இரண்டுக்கும் அந்த இரண்டு பைட் ஒன்றே. அதாவது கடல் என்று வைத்த கணக்கு கடன் என்றாலும் திறக்கும்! எவ்வளவு நீளமாக எழுதினாலும் இதே கதைதான். பிகிரிப்ட் 72 பைட் வரை எடுக்கும், நமக்கு 24 குறி. 'கொ' என்ற ஓரெழுத்தே இரண்டு குறி. டெபியன் 11 இயங்குதளத்தில் இயல்பாக வரும் யெஸ்கிரிப்ட் முறையில் இந்த வெட்டு இல்லை. தமிழில் கடவுச்சொல் வைப்பவர் இதைத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுக்க வேண்டாமா? இதை ஆங்கில மூலத்தில் யாரும் எழுதப் போவதில்லை.

நன்றி.

---

அன்புள்ள குழுவினருக்கு,

வெள்ளி இரவு 11 மணி. 'அரைவை'க்கு ஏழு பேர், 'ஹாஷ்' போதும் என்று நான்கு பேர், 'திரிபு'க்கு ஒருவர். ஏழில் மூன்று பேர் "சரி, முடியுங்கள்" என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். அதையும் ஒப்புதலாகவே எடுத்துக்கொண்டேன்.

ஒப்படைத்த வரி: 'கடவுச்சொல் அரைவை முறையைத் தேர்க'. கீழே விளக்கத்தில் 'ஹாஷ்' என்பதையும் ஒருமுறை சேர்த்திருக்கிறேன். இணையத்தில் தேடுபவருக்கு அந்தச் சொல் வேண்டும் என்று நால்வரும் சொன்னது சரிதான். எட்டு பைட் எச்சரிக்கையும் உள்ளே போயிருக்கிறது.

திரிபு அம்மா சற்று முன் அனுப்பிய மடல்: "அரை என்றால் பாதி. பாதிக் கடவுச்சொல் என்று படிப்பார்கள். அடுத்த பதிப்புக்கு மறுபடி கேட்பேன்." கேளுங்கள் அம்மா. அதற்கு என்னிடம் இன்னும் முழுப் பதில் இல்லை.