பச்சையா நீலமா: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு பறவை

தர்ஷினி: (படம்) மலேசியாவின் பிரேசர் மலையில் இருக்கிறோம். ராத்திரி எரிந்த விளக்குக்கு வந்த அந்துப்பூச்சியெல்லாம் சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது, அதைத் தின்ன விடியும்போதே பறவைகள் இறங்கிவிட்டன. அதில் ஒன்றுதான் இந்தப் பச்சை மேக்பை. சிவப்பு அலகு, சிவப்புக் கால், கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டை!!

லதா சித்தி: என்ன அழகுடி. கிளியா?

தர்ஷினி: இல்லை சித்தி, காக்கைக் குடும்பம். பூச்சி, தவளை, பல்லி, அடுத்தவன் கூட்டு முட்டை, எதையும் விடாது

சரவணன் மாமா: ஒரு பறவைப் பூங்காவில் இதே அலகு, இதே பட்டையோடு பார்த்தேனே, ஆனால் உடம்பு நீலம். அது வேறு சாதியா?

தர்ஷினி: அதுவும் இதேதான் என்று நினைக்கிறேன் மாமா. இதன் இறகில் பச்சைச் சாயமே கிடையாது. இறகின் அமைப்பு நீல ஒளியைத்தான் சிதறவிடுகிறது, அதோடு லூட்டீன் என்ற மஞ்சள் நிறமி சேர்வதால் நமக்குப் பச்சையாகத் தெரிகிறது. அந்த லூட்டீனைப் பறவையால் தானாகத் தயாரிக்க முடியாது, தின்பதிலிருந்துதான் வர வேண்டும். கூண்டில் கொடுக்கும் தீனியில் அது இல்லையென்றால் முளைக்கிற புது இறகு நீலமாகவே வரும். வெயில் அதிகம் பட்டாலும் மஞ்சள் வெளுத்துவிடும்

லதா சித்தி: லூட்டீனா? கண் டாக்டர் எனக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையில் அந்தப் பேர்தானே இருக்கிறது

தர்ஷினி: அதேதான் 😂 கீரையிலும் முட்டை மஞ்சள் கருவிலும் இருக்கிறது, மாத்திரையை மறந்தால் கீரையாவது சாப்பிடுங்கள்

கவின்: அக்கா இதை வாங்கி வளர்க்க முடியுமா? நான் ஒழுங்காகத் தீனி போடுவேன்

தர்ஷினி: டேய். ஜாவாவில் இதன் உறவுக்காரப் பறவை ஒன்று இருக்கிறது, வால் மட்டும் குட்டை. அந்தத் தீவைத் தவிர வேறெங்கும் கிடையாது. காடு சுருங்கியது ஒரு பக்கம், கூண்டில் வளர்க்கிற ஆசைக்காகப் பிடித்துப் பிடித்தே இப்போது காட்டில் பார்ப்பதே அபூர்வம். மேற்கு ஜாவாவில் சிக்கனங்கா என்ற இடத்திலும் இங்கிலாந்தில் செஸ்டர் விலங்குக் காட்சிசாலையிலும் குஞ்சு பொரிக்க வைத்து இனத்தைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். நீ வேறு வாங்கப் போகிறாயா?

கவின்: சரி சரி, வேண்டாம்

சரவணன் மாமா: நம் போர்னியோ பக்கம்?

தர்ஷினி: அங்கே தனி இனம் மாமா, கண் வெள்ளையாக இருக்கும். முன்பு ஜாவாப் பறவையோடு ஒன்றாகத்தான் எண்ணினார்கள், 2013இல் பிரித்தார்கள். சபா மாநிலத்தில் கினபாலு மலைப் பூங்காவுக்குப் போனால் பார்க்கலாம்

கவின்: மாமா 👀

சரவணன் மாமா: முதலில் டிக்கெட் விலையைப் பார்த்துச் சொல், அப்புறம் பேசலாம்

லதா சித்தி: நானும் வருகிறேன், ஆனால் மலையெல்லாம் ஏற மாட்டேன்